கீழே விழாமலேயே விரிசல் விடும் கண்ணாடிச் சிற்பம்... காரணம் என்ன தெரியுமா?

ஷோகேஸில் வைக்க வண்ண வண்ணமாக விற்கப்படும் கண்ணாடி மீன், இலை, அலை வடிவச் சிற்பங்களில் பல ‘ஃபியூஸ்டு கிளாஸ்’ முறையில் செய்யப்படுபவை. யாரும் தொடாமலேயே இவற்றில் சில விரிசல் விடுவதுண்டு. ஏன்?

எப்படி செய்றாங்க?

இதில் கண்ணாடியை ஊதும் வேலை இல்லை. வண்ணக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, அடுக்கி, மின்சூளையில் வைப்பார்கள். சுமார் 750 டிகிரி செல்சியஸில் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். மேடுபள்ளம் அப்படியே இருக்கும். 800 டிகிரி வரை போனால் உருகி ஒரே தகடாகிவிடும். ஆறிய பிறகு அச்சின் மேல் வைத்து சுமார் 650 டிகிரிக்கு மீண்டும் சூடாக்கினால், வளைந்து அச்சின் வடிவத்துக்கு வரும்.

விரிசல் ஏன்?

சூட்டில் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு விரிவதில்லை. வேறு வேறு வகைகளைச் சேர்த்தால், ஆறும்போது ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, பல நாள் கழித்துக்கூட விரிசலாக வெளியே வரும். அதனால்தான் 90, 96 என விரிவு எண் போட்டு கண்ணாடி விற்கிறார்கள். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

அவசரமாக ஆறவிட்டாலும் இதே கதிதான். சுமார் 500 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். தடிமன் கூடக்கூட நேரமும் கூடும்.

வாங்கும்போது கவனிங்க!

* ஒரே விரிவு எண் கொண்ட கண்ணாடியா, மெதுவாக ஆறவிட்டதா எனக் கேளுங்க.
* வெளிச்சத்தில் பிடித்து, வண்ணங்கள் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கானு பாருங்க.
* வீட்டில் அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைக்காதீங்க. கொதிக்கும் தண்ணீரில் கழுவாதீங்க.