ஏரி வேலையும் அதன் அளவுகோலும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

பொருளாதாரம் படுக்கும்போது சூழல்சார்ந்த வேலைகளும் சுருங்கிவிடும் என்பது பொதுவான கணிப்பு. பட்டதாரிகளைப் பொறுத்தவரை அது பெரிதும் சரிதான். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டமே மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் ஆளெடுத்தது. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பகுதி ஊராட்சிகளில் நெருக்கடி வந்தபோது பெருகியது ஏரி வேலை. அது வேலையாக எண்ணப்பட்டது. சூழல் வேலையாக அளக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழக்கம் பழையது. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876–78) சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய் நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. அதைத் தன் ஒரு பகுதியாகக் கொண்ட பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, இதே மாவட்டத்து மரக்காணம். 1877இல் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணிகளுக்கு வகுத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அது உயிர்பிழைக்கவே போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சர்ச்சை கூலியைப் பற்றியது. பணியின் பயன் அதில் பின்னுக்குப் போனது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தாளில், பயனைப் பின்னுக்குத் தள்ளும் இந்த வழக்கத்திலிருந்து விலகியது. 2006 பிப்ரவரியில் முதல் 200 மாவட்டங்களில் அது நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று; கள்ளக்குறிச்சி அப்போது பிரிந்திருக்கவில்லை. சட்டத்தின் முதல் அட்டவணையில் நீர்ப்பாதுகாப்புக்கே முதலிடம் தரப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தோரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். 2020 மே மாதம் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டு, அங்கே வேலைபார்த்தவர்கள் தொற்றோடும் வெறுங்கையோடும் இம்மாவட்டத்துக்குத் திரும்பிய நாட்களில், ஒன்றிய அரசு இத்திட்டத்துக்கான 61,500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் மேலும் 40,000 கோடி சேர்த்தது. தமிழ்நாட்டில் நாட்கூலி 229 ரூபாயிலிருந்து 256 ஆகியிருந்தது.

இனி ஏரிக்குள் இறங்கிப் பார்ப்போம். ஆளுக்கு இவ்வளவு நீளம், அகலம், ஆழம் என்று கயிறு பிடித்துக் குழி குறிக்கிறார் பணித்தளப் பொறுப்பாளர். வெட்டிய மண் கூடை கூடையாகத் தலையில் ஏறிக் கரைக்குப் போகிறது. கன அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஆகவே குழி எங்கே எளிதாக வெட்டுப்படுமோ அங்கே விழுகிறது: கரையோரம், இளகின மண்ணில். வண்டல் இறுகிக் கிடப்பதோ மதகுக்கு முன்னால். சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கும் வரத்துக் கால்வாயில் முள்ளோடு மல்லுக்கட்டினால் கன மீட்டர் சேராது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினாலோ அங்கே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. அளவுப் புத்தகத்தில் எல்லாக் குழியும் ஒன்றே. குற்றம் வெட்டியவர்களுடையதன்று, அளவுகோலுடையது. ‘நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று டீக்கடையில் பேசுகிறவர்கள், சித்திரை வெயிலில் ஒரு குழியை வெட்டிப் பார்க்கலாம்.

மறுப்பு ஒன்று உண்டு, வலுவானது. நிவாரணத்தின் முதல் நோக்கம் கூலி. தரத்தை நிபந்தனையாக்கினால் வயதானவர்களும் நோயாளிகளும் முதலில் கழித்துக்கட்டப்படுவார்கள் என்பது அது. நிபந்தனை உடல்வலுவைப் பற்றியதாக இருந்தால் இந்த அச்சம் நியாயமானதே. ஏரிக்குத் தேவைப்படுவதோ இன்னொன்றும்: எந்த மழையில் எந்தக் கால்வாய் முதலில் ஓடும், கலங்கல் எப்போது வழியும், மதகை எப்போது இறக்க வேண்டும் என்ற அறிவு. அதைச் சுமந்தவர், ஏரி நீரைப் பங்கிட்ட ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டி. அறுவடையில் அவருக்குத் தானியம் அளந்து கொடுத்தது ஊர். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தலித் குடும்பங்கள்மேல் சாதியால் சுமத்தப்பட்டது என்பதால் அதை அப்படியே மீட்கச் சொல்ல முடியாது. அறிவுக்குக் கூலி உண்டு என்ற ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கார மூதாட்டியும் நீர்மட்டக் கோலைப் பார்த்துச் சொல்வார்.

அளவுகோலைப் பற்றிய இந்தக் கேள்வி ஏரியோடு முடிவதில்லை. மரக்காணம், வானூர் வட்டங்களிலுள்ள கழுவேலி ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மேற்கேயுள்ள ஏரிகள் ஒன்றையொன்று நிரப்பி வழியும் நீரும் அங்கேதான் போகிறது. சரணாலயம் வனத்துறையிடம், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடம், சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம். பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் உண்டு, திட்ட அறிக்கைக்கும் ஆள் உண்டு. சிற்றேரிகளின் வரத்துக் கால்வாயை ஆண்டு முழுதும் பார்த்துக்கொள்ளும் பணியை மாதச் சம்பளத்துக்கு உரியதாக்கி, ஏரியில் மண் சுமந்த பெண்களிலிருந்தே அதற்கு ஆளெடுக்க வேண்டும். அதற்கான செலவுத் தலைப்பை முதலில் திறக்க வேண்டியது ஊராட்சி ஒன்றியம்தான்.