ஹெர்மிட்டியன் அல்லாத இடஞ்சார் மாசு

குவாண்டம் அணிக்கோவை ஒன்றில் ஒரு தளத்தில் மட்டும் துகள் வெளியே கசியவோ உள்ளே ஊட்டப்படவோ வழியிருந்தால், அத்தளம் ஹெர்மிட்டியன் அல்லாத இடஞ்சார் மாசு எனப்படும். சாதாரண மாசு அத்தளத்தின் ஆற்றலோடு மெய்யெண் ஒன்றைச் சேர்க்கும்; இது கற்பனை எண்ணைச் சேர்க்கிறது. எதிர்க்குறி என்றால் இழப்பு, நேர்க்குறி என்றால் ஈட்டம். ஆற்றல் மட்டங்கள் பொதுவாகச் சிக்கலெண்களாகின்றன. மொத்த நிகழ்தகவு 1 ஆக நிலைப்பதில்லை.

அண்டைத் தளத்துக்கு மட்டும் தாவும் துகளையும், முடிவிலாச் சங்கிலி ஒன்றின் நடுவே ஒரேயோர் இழப்புத் தளத்தையும் கொள்வோம். இழப்பைக் கூட்டக் கூட உறிஞ்சலும் பெருகும் என்றே யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படி வருவதில்லை. உரிய அலகுகளில் இழப்பு வலிமை துகளின் குழுத் திசைவேகத்துக்குச் சமமாகும்போது உறிஞ்சல் உச்சத்தைத் தொடுகிறது. அப்போதும் அது 50 விழுக்காடுதான். 25 விழுக்காடு கடந்து போகிறது, 25 விழுக்காடு எதிரொளிக்கிறது. அதற்கு மேல் இழப்பைக் கூட்டினால் மாசு சுவராக மாறுகிறது. துகள் அதனுள் நுழையாமலே திரும்பிவிடும். பைத்யநாத் மிஸ்ராவும் இ. சி. ஜி. சுதர்சனும் 1977இல் பெயரிட்ட குவாண்டம் சீனோ விளைவின் (ஓயாமல் கண்காணித்தால் அமைப்பின் மாற்றம் தடைபடுவது) ஒரு வடிவம் இது. இழப்பு, தாவல் வலிமையின் இருமடங்கைத் தாண்டினால் மாசைச் சுற்றி ஒரு கட்டுண்ட நிலை உருவாகிறது, விரைந்து அழிவது அந்த ஒன்றே.

அதே உச்சப் புள்ளியில் இருபுறமிருந்தும் ஒத்த கட்டத்தில் அலைகளை அனுப்பினால் உறிஞ்சல் 100 விழுக்காடாகிறது. இழப்புக்குப் பதில் அதே அளவு ஈட்டம் வைத்தால் கடத்தல் எல்லையின்றி உயரும். லேசரின் தொடக்க வாசல் இதுவே.

இவை தாளோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் ஹெர்விக் ஓட்டின் குழு, ரூபிடியம் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளின் ஒரு சிறு இடத்தில் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி அணுக்களை வெளியேற்றியது. கற்றையின் வலிமை ஓர் அளவைத் தாண்டியதும் இழப்பு குறைந்ததை 2013இல் அது அறிவித்தது. 2018இல் ஒளியணிக்கோவையில் முழு உறிஞ்சலையும் காட்டியது.

வளையம் போன்ற முடிவுள்ள சங்கிலிகளில் இன்னொரு விந்தை உண்டு. மாசு ஒரே தளத்தில் இருந்தாலும் அலைச்சார்புகள் பலவற்றின் தேய்வு நீளம் சங்கிலியின் நீளத்துக்கு நேர்விகிதமாகிறது. இதை அளவுசாரா இடக்குவிவு என்பர். அலைச்சார்புகள் விளிம்பில் குவியும், தேய்வு நீளம் சங்கிலியின் நீளத்தைச் சாராத, ஹெர்மிட்டியன் அல்லாத தோல் விளைவிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.