சீனாவின் அந்நிய முதலீட்டுச் சட்டங்கள்

மக்கள் சீனக் குடியரசில் வெளிநாட்டவர் தொழில் நடத்தவும் பங்கு வைத்துக்கொள்ளவும் 1979 முதல் இயற்றப்பட்டுவரும் சட்டங்களும் விதிகளும். அனுமதிப்பதைச் சட்டத்தில் எழுதி வைத்த நாடு, நாளடைவில் தடுப்பதை மட்டும் எழுதத் தொடங்கியது.

1979 ஜூலையில் தேசிய மக்கள் காங்கிரஸ் நிறைவேற்றிய கூட்டு முயற்சிச் சட்டத்தில் இருந்தவை 15 பிரிவுகள்தாம். பொதுவான கம்பெனிச் சட்டம் 1993இல்தான் வரப்போகிறது. அதற்குள் அந்நியருக்கு ஒரு சட்டம் தயார். வளரும் நாடுகள் பலவும் அந்நியப் பங்குக்கு உச்சவரம்பு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சீனா கீழ்வரம்பு வைத்தது: பொதுவாக 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இயக்குநர் குழுத் தலைவர் பதவி மட்டும் சீனத் தரப்புக்கே. 1990இல் வந்த திருத்தம் அதைத் தளர்த்தியது.

முதல் உரிமம், எண் 1, 1980இல் ஹாங்காங்கின் வூ குடும்பம் பங்கேற்ற பெய்ஜிங் விமான உணவு நிறுவனத்துக்குக் கிடைத்தது. எஃகு ஆலையோ கார் தொழிற்சாலையோ இல்லை, விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடம். சீனாவின் கூட்டு முயற்சி வரலாறு இப்படியொரு தட்டில் தொடங்குவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

முழு அந்நிய உடைமைக்கு 1986இலும், ஒப்பந்தக் கூட்டுகளுக்கு 1988இலும் தனிச் சட்டங்கள் வந்தன. அப்போது எதைத் தொடங்கினாலும் அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 1995இல் வெளியான வழிகாட்டிப் பட்டியல், ஊக்குவிக்கப்படும் தொழில், கட்டுப்படுத்தப்படும் தொழில், தடைசெய்யப்பட்ட தொழில் என்று பிரித்துக் காட்டியது. 2001 டிசம்பர் 11 அன்று உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததையொட்டி ஏற்றுமதிக் கட்டாயம் போன்ற நிபந்தனைகள் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் கார் தயாரிப்பில் அந்நியப் பங்குக்கான 50 சதவீத வரம்பு நெடுநாள் நின்றது. பயணிகள் கார்களுக்கு அது 2022இல்தான் முற்றிலும் போனது.

பெரிய திருப்பம் 2013 செப்டம்பரில், ஷாங்காய் சுதந்திர வர்த்தக மண்டலத்தில் நேர்ந்தது. அங்கே 190 இனங்கள் கொண்ட ‘எதிர்மறைப் பட்டியல்’ வெளியானது: இதில் இல்லாத தொழிலுக்கு முன் ஒப்புதல் தேவையில்லை. 2018இல் நாடு முழுமைக்குமான பட்டியலில் 48 இனங்கள், 2024இல் 29. உற்பத்தித் துறையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பங்குச் சந்தைத் தரகு, பரஸ்பர நிதி நிறுவனங்களுக்கான உச்சவரம்புகள் 2020 ஏப்ரலில் நீங்கின. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்நிய முதலீட்டுச் சட்டம், பழைய மூன்று சட்டங்களையும் ரத்து செய்து, நிர்வாக அழுத்தத்தால் தொழில்நுட்பத்தைப் பிடுங்குவதையும் தடைசெய்தது.

பட்டியல் சுருங்கியதை மட்டும் பார்த்துக் கதவு விரியத் திறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜனவரியில் முதலீட்டுப் பாதுகாப்பு மறுஆய்வு விதிகள், அதே ஆண்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஜூலையில் விரிவாக்கப்பட்ட உளவுத் தடுப்புச் சட்டம் என்று பிடி வேறு இடங்களில் இறுகியது.

சட்டம் கண்டும் காணாமல் விட்ட சந்து ஒன்றும் உண்டு. அந்நியர் நேரடியாகப் பங்கு வாங்க முடியாத இணையத் தொழிலில், வெளிநாட்டில் பதிவான நிறுவனம் சீன நிறுவனத்தை ஒப்பந்தங்களால் மட்டும் கட்டி ஆளும். 2000இல் சினா நிறுவனம் இந்த வழியில் நாஸ்டாக் ஏறியது, அலிபாபாவும் பின்னர் இதே ஒப்பந்த முறையைக் கையாண்டது. அந்நிய முதலீட்டுச் சட்டத்தின் 2015 வரைவு ‘உண்மையான கட்டுப்பாடு’ யாரிடம் என்று கேட்டு இதைத் தொட்டது. 2019இல் நிறைவேறிய சட்டம் வாய் திறக்கவில்லை. 2023 மார்ச் 31 முதல் வெளிநாட்டுச் சந்தையில் பட்டியலிட விரும்பும் இத்தகைய நிறுவனங்களும் சீனப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும்.