தொட்டிக்குள் அடங்கிய மரம்



அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைக்குக் கடை சிவப்புச் சிவப்பாகத் தொட்டிச் செடி விற்கும். பெயர் பாயின்செட்டியா. ஜனவரி பிறந்ததும் பெரும்பாலானவை குப்பைக்குப் போய்விடும், ஒரு மாதச் செடி என்ற எண்ணத்தில். உண்மையில் அது பல ஆண்டுகள் வாழும் சிறுமரம். அதை ஒரு மாதச் சரக்காக ஆக்கியது வணிகம்தான்.

தாயகம் மெக்சிகோ. அங்கே ஆளுயரத்தையும் தாண்டி வளரும். ஆஸ்டெக் மக்கள் அதை 'குவெட்லாசோச்சிட்ல்' என்றார்கள். இலையில் சாயமும் பாலில் மருந்தும் எடுத்தார்கள். நம் சதுரக்கள்ளிக்கும் அம்மான் பச்சரிசிக்கும் இது பங்காளி. ஒடித்தால் பால் வடியும். நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு, காகிதப்பூவில் போல, நிறம் மாறிய இலைதான். நடுவில் மஞ்சளாகச் சிறிதாக இருப்பதே பூ.

1825இல் மெக்சிகோவுக்கு அமெரிக்காவின் முதல் தூதராகப் போனவர் ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட். செடியைத் தன் ஊரான தென் கரோலினாவுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கு நிலைத்தது. மெக்சிகோ அரசோ, உள்நாட்டு அரசியலில் தலையிடுகிறார் என்று அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னது. பின்னாளில் அவர் போர்த்துறைச் செயலராக இருந்தபோதுதான், 1838இல், செரோக்கி மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். மெக்சிகோ மக்கள் இன்றும் செடியை அவர் பெயரால் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'நோச்சேபுவேனா', அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு.

மரம் தொட்டிக்குள் அடங்கியது 20ஆம் நூற்றாண்டில். கலிபோர்னியாவில் எக்கே என்ற குடும்பம் முதலில் தெருவோரத்தில் கொய்பூவாக விற்றது. 1923இல் என்சினிடாஸ் ஊருக்குப் போய்ப் பெரிதாக வளர்த்தது. பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இலவசமாகச் செடிகளை அனுப்பி, பண்டிகை என்றாலே இதுதான் என்று ஆக்கியது. குட்டையாகக் கிளைவிடச் செய்ய, ஒட்டுக்கட்டும் ஒரு முறையைப் பல ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்தது. அது 1990களில் வெளியே வந்தது. ஒட்டின் வழியே பரவும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் கிளைகளைத் தூண்டுகிறது என்றும் தெரிந்தது.

டிசம்பரில் தவறாமல் சிவப்பது எப்படி? 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பகல், இரவு நீளத்தைப் பொறுத்துச் செடிகள் பூக்கின்றன என்று காட்டினார்கள். பாயின்செட்டியாவுக்கு நீண்ட, இடையில் வெளிச்சம் படாத இரவு வேண்டும். தெருவிளக்கு பட்டாலே தடைப்படும்.

இந்த வரலாறு தெரிந்தால் ஜனவரியில் என்ன செய்வது என்பது எளிது. வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் தேங்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் அரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள். பால் தோலில் பட்டால் அரிக்கும், கையுறை நல்லது. உறைபனிக் காலம் முடிந்ததும் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி வெளியே வைத்து, உரமிட்டு, நுனி கிள்ளிவிடுங்கள். குளிர் தொடங்குமுன் உள்ளே எடுங்கள். அக்டோபர் முதல் எட்டு, பத்து வாரம் மாலை 5 மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடி, காலை 8 மணிக்குத் திறங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். ஒருநாளும் விடக் கூடாது.

பனி உறையாத ஊரில் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். தெருவிளக்கு படாத இடத்தில் மண்ணில் நட்டுவிட்டால் போதும். வீட்டுத் தோட்டங்களில் அப்படித்தான் நின்று குளிர்காலத்தில் சிவக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள். இந்த ஜனவரியில் ஒரு செடியாவது குப்பைக்குப் போகாமல் இருக்கட்டும்.