மருந்தை மீட்கும் மண்

மண்ணைக் கொண்டு நஞ்சை நீக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையது. கிரேக்கரின் லெம்னோசுத் தீவில் எடுத்த மண்ணைச் சிறு வில்லைகளாக்கி, முத்திரை பதித்து, நஞ்சு முறிக்கும் மருந்தாகப் பண்டையோர் வழங்கினர். கி. பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியப் பேரறிஞர் அதனை நேரிற் காண அத்தீவுக்கே சென்றார். அன்று மண்ணே குளிசையாயிருந்தது. இன்றோ நாம் விழுங்கிய குளிசைகளின் எச்சம் நீரிற் கலந்து நிற்க, அதனை அகற்ற மண்ணையே நாடுகின்றோம். இடைப்பட்ட வரலாறு அறியத்தக்கது.

நம்பிக்கையாயிருந்த இது 19ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானமாயிற்று. இங்கிலாந்தில் தொம்சன் என்பார் அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணினூடாக வடியவிட்டார். அமோனியாவை மண் பற்றிக்கொள்ள, அதற்கீடாகச் சுண்ணச்சத்து நீருடன் வெளிவந்தது. இம்மாற்றத்திற் களியே முதன்மையான பங்கு கொள்கின்றதென வே என்னும் இரசாயன அறிஞர் 1850இல் எடுத்துக் காட்டினார். ஒன்றைப் பற்றி மற்றொன்றை விடும் இப்பண்டமாற்றே பிந்திய ஆராய்ச்சிகளுக்கு அத்திவாரம்.

பிரான்சிலுள்ள மொன்மொரில்லோன் என்னும் ஊரின் பெயரை ஒரு களிக்கனியத்துக்கு 1847இல் இட்டனர். அது ஏட்டின்மேல் ஏடாய் அடுக்கிய அமைப்புடையதென்பது 1933இல் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. அவ்வேடுகள் மறை மின்னேற்றமுடையன. ஆதலின் நேர் மின்னேற்றமுடைய பொருள்களைத் தம்மிடையே இழுத்து வைத்துக்கொள்ளும்.

இவ்வாற்றலுக்கு இன்று புதிய தேவை பிறந்துள்ளது. உண்ட மருந்து முழுவதும் உடலில் அழிவதில்லை. ஒரு பகுதி கழிவுடன் வெளியேறுகின்றது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரக் கழிவுநீரில் மருந்தெச்சம் காணப்பட்டமை 1977இல் வெளியாயிற்று. மருந்தாலைகளின் கழிவோ இன்னுங் கொடியது. ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டான்செருவில், சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து வந்த நீரிலேயே, லீற்றர் ஒன்றுக்கு 31 மில்லிகிராம் வரை சிப்புரோபிளொக்சசின் இருந்ததென 2007இல் ஆய்வாளர் வெளியிட்டனர். இத்தகைய நீரிற் பழகிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகும். நாளை நம் பிள்ளைக்கு நோய் வந்தால் அம்மருந்து பயன்படாது போகலாம்.

களிமண் இதனைத் தீர்க்குமா? ஓரளவு தீர்க்கும். ரெற்றாசைக்கிளின், சிப்புரோபிளொக்சசின் ஆகியவற்றை மொன்மொரில்லோனைற்று நன்கு பற்றுகின்றது. வலிபோக்கும் டைக்குளோபினாக்கோ நீரில் மறை மின்னேற்றம் பெறுவதால் அதனைக் களி ஏற்பதில்லை. அதற்கெனக் களியின் மேற்பரப்பை வேறு இரசாயனப் பொருள்களால் மாற்றியமைக்கின்றனர். மேலும் கல்சியம் மிகுந்த நீரில், அக்கல்சியமும் மருந்துடன் போட்டியிட்டுக் களியில் இடம்பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நமக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையிடையே தங்கும் மழைநீரே நமது கிணற்றுநீர். அதிற் கல்சியம் மிகுதி. பாறையிலோ வெடிப்புகள் பல. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் நீரை வடித்துத் தரும் மண் பல இடங்களில் மிக மெல்லியது. ஆகவே பானையில் ஒரு பிடி களிமண் இட்டாற் போதுமென எண்ணுதல் பேதைமை. மருந்தைப் பற்றிய களியையும் கண்டவிடத்திற் கொட்டலாகாது. பற்றியதை அது மீண்டும் விடக்கூடும்.

மண் செய்யக்கூடியதை ஆராய்ச்சி செய்விக்கும். நாம் செய்யக்கூடியவை சில உள. எஞ்சிய குளிசைகளைக் கிணற்றடியிலும் கழிவறையிலும் எறியாதிருப்போம். வைத்தியர் சொல்லாத மருந்தை உண்ணாதிருப்போம். குழியைக் கிணற்றுக்குச் சேய்மையில் அமைப்போம். மண்ணிடம் விடும் சுமை குறையுமளவுக்கு நீர் நலம் பெறும்.