உரமேற்றுவோரின் ஊதியம்

உடலுக்கு உரமேற்றித் தருவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் தமிழ்நாட்டில் எவரிடமிருந்து கூலி பெற்றார்கள் என்பதை ஆராய்வோர்க்குச் சங்ககிரி மலைக்கோட்டை தக்க தொடக்கமாகும். 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலம், பாராமகால் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபோது இக்கோட்டையும் மாறியது. கொங்கு இளைஞர்களைப் படையாகத் திரட்டிப் போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். அதுவரை பாளையக்காரர்களிடம் படைப்பணி செய்தவர்கள் மானியமாக, அதாவது வரியின்றியோ குறைந்த வரிக்கோ, நிலம் பெற்றிருந்தனர். கம்பெனியார் நிலங்களை அளந்து, ‘மிட்டா’ எனப்பட்ட சிறு ஜமீன்களாகப் பிரித்து, நிலையான வரி விதித்தபின், தனிப்படைக்கும் இடமில்லாது போயிற்று, படைவீரனைப் பழக்கியவனுக்குச் சோறிட்ட நிலத்துக்கும் இடமில்லாது போயிற்று.

கலை அதனோடு அழிந்துவிடவில்லை. ஊர்ப் பொட்டலுக்கு இறங்கி வந்தது. சிலம்ப வாத்தியார் பகலில் தம் தொழிலைப் பார்த்து, பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளுக்குத் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் பழக்கினார். தண்டால் என்பது கைகளை ஊன்றி உடலைத் தாழ்த்தி உயர்த்துவது. பஸ்கி என்பது உட்கார்ந்து எழுவது. கர்லாக்கட்டை என்பது பிடி சிறுத்து அடி பருத்த மரக்கட்டை. அதைத் தோளுக்குப் பின்னே இறக்கி, முதுகை உரசாமல் சுழற்றி, முன்னே கொண்டுவர வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் கட்டை முதுகில் இடிக்கும், முழங்கை விரிந்தால் தோள்மூட்டு நோகும். ஆகவே எந்தப் பையனுக்கு எந்த எடைக் கட்டை, எத்தனை சுற்று, எப்போது அடுத்த கட்டைக்கு ஏற்றுவது என்று கண்ணாலேயே அளந்து சொல்லும் அறிவுதான் வாத்தியாரின் முதல். அதற்கு ஈடாகத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காயோடு ஒரு வேட்டி துண்டும் இயன்ற காசும் வைத்துத் தருவது வழக்கமாக இருந்தது. தட்சணை என்னும் இம்முறையில் மரியாதை நிறைய உண்டு. ஆனால் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. பின்வந்த ஊதியத் தாழ்வுக்கு வேர் இங்கேயே இருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

கர்லாக்கட்டையின் பயணமோ வேறு விதமானது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் 19ஆம் நூற்றாண்டில் அதைக் கற்றுத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து அமெரிக்கா சென்ற அந்தக் கட்டை 1904ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது. அதே காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி, ஓய்வுபெற்ற சிப்பாய்களின் ‘டிரில்’ என்னும் அணிநடையாகச் சுருங்கியிருந்தது. 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கி, உடலைப் பயிற்றுவதைப் படித்துப் பட்டயம் பெறும் தொழிலாக்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு சென்றவரும் அவரே. இருந்தும் பள்ளிகளில் அவர் மாணவர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘டிரில் மாஸ்டர்’ என்பதே.

இத்தொழிலுக்கு உலகிலேயே பெரும் ஊதியம் கிடைக்கும் இடம் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, அதாவது முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடி, எதிரியை மோதிச் சாய்க்கும் ஆட்டம். 1969இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் பாய்ட் எப்லி என்பவரை உரப்பயிற்றுநராக, அதாவது எடைப்பயிற்சியால் ஆட்டக்காரர்களின் உடலுக்கு வலுவேற்றுபவராக, மணிக்கு 2 டாலர் கூலியில் அமர்த்தியது. எடை தூக்கினால் தசை இறுகி ஓட்டம் மந்தமாகும் என்று நம்பிய காலம் அது. ஒருவன் வேகம் குறைந்தாலும் வேலை போகும் என்று தலைமைப் பயிற்றுநர் அவரை எச்சரித்தாராம். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நெப்ராஸ்கா தேசியப் பட்டம் வென்றது. அரை நூற்றாண்டில் அயோவா பல்கலைக்கழகத்தின் உரப்பயிற்றுநர் ஆண்டுக்கு 8 லட்சம் டாலர் பெறும் நிலை வந்தது. ஆட்டப் பருவம் அல்லாத மாதங்களில் தலைமைப் பயிற்றுநர் ஆட்டக்காரர்களோடு செலவிடும் நேரத்துக்கு விதிகள் வரம்பிடுகின்றன. அந்த வெற்றிடத்தில் அவர்களோடு நாள்தோறும் இருப்பவர் உரப்பயிற்றுநரே. ஊதிய உயர்வுக்கு இதுவே பெரிய காரணம்.

அவ்வளவு பணம் தகுமா என்றால், தொகை அளவில் தகாது என்றே சொல்ல வேண்டும்; ஏனெனில் அதே கூடத்தில் வியர்வை சிந்திய மாணவ ஆட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் சம்பளமே இல்லை. ஆனால் பொறுப்பின் அளவில் இது மிகக் கனமான வேலை. 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது வெப்பத்தாக்குக்கு உள்ளான 19 வயது ஆட்டக்காரர் உயிரிழந்தார்; அங்கிருந்த உரப்பயிற்றுநர் பதவி விலகினார். எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்தவருக்கே அந்தச் சம்பளம் உரியது, இன்னும் ஒரு சுற்று ஓடு என்று விரட்டுபவருக்கு அன்று.

தமிழ்நாட்டிலும் உச்சியில் இருப்போர் மதிப்புப் பெற்றிருக்கின்றனர். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணிக்கு ராம்ஜி ஸ்ரீநிவாசனும், 2015 முதல் 2019 வரை சங்கர் பாசுவும் உடற்பயிற்சி அளித்தனர். இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் 2021இல் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் பந்துவீசி, 2025 ஐ.பி.எல். ஏலத்தில் 10.75 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். வேகப்பந்து வீச்சாளனுக்கு இத்தகைய மீட்சி, தசையை மெல்ல மெல்லத் திரும்பக் கட்டும் பயிற்றுநர் இன்றி வாய்ப்பதில்லை.

அடித்தளத்தின் கதைதான் வருத்தத்துக்குரியது. 2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளோ ஓய்வூதியமோ சேராத ஒற்றைத் தொகையில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு அமர்த்தியது. அத்தொகை 2021இல் 10,000 ஆகி, 2024இல் 12,500 ஆயிற்று. நடராஜனையொத்த சிற்றூர்ப் பிள்ளையின் தோளையும் முழங்காலையும் அவன் வளரும் வயதில் பார்த்துத் திருத்தக்கூடிய முதல் ஆள் இந்த உடற்கல்வி ஆசிரியரே. அமெரிக்க உரப்பயிற்றுநர் தம் சம்பளத்தை ஈட்டுவது ஆட்டமில்லா மாதங்களில். இங்கேயோ பள்ளி விடுமுறையான மே மாதத்துக்கும் ஊதியம் வேண்டும் என்பதே பகுதிநேர ஆசிரியர்கள், பணி நிரந்தரத்தோடு சேர்த்து, ஆண்டுதோறும் எழுப்பிவந்த கோரிக்கை.