லங்கர்: சீக்கியரின் சமபந்தி

சீக்கியர்களின் வழிபாட்டிடமான குருத்துவாராவோடு சேர்ந்து இயங்கும் பொதுச் சமையற்கூடமும், அங்கே அளிக்கப்படும் இலவச உணவும் லங்கர் எனப்படும். எந்த மதத்தவரும் எந்தச் சாதியினரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய், தரையில் வரிசையாக உட்காரலாம். அந்த வரிசைக்குப் பங்கத் என்று பெயர். நம்முடைய பந்தி என்ற சொல்லும் இதுவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. ரொட்டியும் பருப்பும் ஒரு காய்கறியும் அன்றாட உணவு. சில நாட்களில் பாயசமும் உண்டு. ரொட்டியை இரு கைகளையும் ஏந்தியே வாங்க வேண்டும்.

லங்கரை அன்னதானம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது பாதி அளவுக்கே பொருந்தும். அன்னதானத்தில் கொடுப்பவர் வேறு, பெறுபவர் வேறு. லங்கரில் சாப்பிட்டு எழுந்தவரே அடுத்த பந்திக்குப் பரிமாறலாம். பாத்திரம் கழுவ உட்காரலாம். இதற்குச் சேவா என்று பெயர். யாரோடு உட்கார்ந்து உண்பது, யார் சமைத்ததை உண்பது என்பவையே சாதிக்கு வேலியாக இருந்த நாட்டில், இந்தப் பந்தி அந்த வேலியின் மேலேயே கை வைத்தது.

குருமார்கள் காலம்

லங்கர் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. சூஃபி ஞானியரின் மடங்களில் வருவோர்க்கு உணவளிக்கும் வழக்கம் பஞ்சாபில் முன்பே இருந்தது. பாபா ஃபரீதின் பாடல்கள் சீக்கியரின் புனித நூலிலேயே இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, இந்த உறவு வியப்பளிப்பதில்லை.

குரு நானக் (1469–1539) இளைஞராக இருந்தபோது, வணிகம் செய்ய அவருடைய தந்தை 20 ரூபாய் கொடுத்தனுப்பினார் என்றும், அவர் அதைப் பசித்திருந்த துறவியருக்கு உணவாக்கிவிட்டு 'இதுவே உண்மையான வணிகம்' எனக் கருதினார் என்றும் மரபுக் கதை கூறுகிறது. நெடும்பயணங்களுக்குப் பின் அவர் ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூரில் குடியேறினார். அங்கு உழவும் வழிபாடும் பொது உணவும் ஒன்றாகவே நடந்தன. உழைத்து உண், பகிர்ந்து உண் என்பது அவருடைய போதனையின் மையம்.

அடுத்த குருவான அங்கத் தேவின் காலத்தில் லங்கரைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய மனைவி மாதா கீவி. அவரையும் அவருடைய லங்கரில் பரிமாறப்பட்ட நெய் விட்ட பாயசத்தையும் புகழும் வரிகள் குரு கிரந்த் சாகிப்பில் உள்ளன. ஒரு சமயத்தின் புனித நூலில் சமையற்கூடத்தை நடத்திய பெண்ணின் பெயர் பதிவாகியிருப்பது சாதாரணச் செய்தி அல்ல.

மூன்றாம் குரு அமர் தாஸ் (பதவிக் காலம் 1552–1574) இதை ஒரு விதியாகவே ஆக்கினார். கோயிந்த்வாலில் அவரைக் காண வருபவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும். அதன் பிறகே சந்திப்பு. பேரரசர் அக்பரும் அப்படி உட்கார்ந்து உண்டார் என்பது சீக்கிய மரபு. உயர்சாதியினருக்கு இது கடினமான நுழைவுத் தேர்வாகத்தான் இருந்திருக்கும்.

1699 வைசாகி நாளில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தோற்றுவித்தபோது, இதே கருத்து உணவிலிருந்து தண்ணீருக்கு வந்தது. தலையைத் தர முன்வந்த ஐவரில் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட். மற்றவர்கள் தண்ணீர் சுமப்பவர், துணித் தொழிலாளி, பீதரைச் சேர்ந்த நாவிதர் என்று மரபு குறிப்பிடுகிறது. ஐவரும் ஒரே இரும்புக் கிண்ணத்திலிருந்து இனிப்பு கலந்த அமிர்த நீரைப் பருகினர். பிறகு குருவே அவர்களிடம் கைகூப்பி நின்று அதை வாங்கிப் பருகினார்.

விழாக்களில்

சீக்கியர் விழா எதுவும் லங்கர் இல்லாமல் நடப்பதில்லை. கோதுமை அறுவடையோடு சேர்ந்து ஏப்ரல் 13 அல்லது 14-ல் வரும் வைசாகி, குருமார்களின் பிறந்தநாளான குருபுரபங்கள், தீபாவளியன்றே கொண்டாடப்படும் பந்தி சோர் நாள் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஹோலியை அடுத்து ஆனந்த்பூரில் நிகாங்குகள் குதிரையேற்றமும் வாள்வீச்சும் காட்டும் ஹோலா மொகல்லாவின்போது, சுற்றுப்புறக் கிராமத்தார் டிராக்டர்களில் மாவும் பாலும் காய்கறியும் ஏற்றிவந்து சாலையோரங்களில் அடுப்பு மூட்டுவார்கள். குரு அர்ஜன் தேவ் கொல்லப்பட்ட நினைவு நாள் கடும் கோடையில் வருகிறது. அப்போது வழிப்போக்கர்களை நிறுத்திக் குளிர்ந்த இனிப்புப் பால்நீர் கொடுப்பார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலில் சாதாரண நாட்களிலேயே 50,000-க்கும் மேற்பட்டோர் உண்பதாகச் சொல்லப்படுகிறது.

1920: மறுக்கப்பட்ட பிரசாதம்

இந்தப் பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் வரலாறு முழுமையாகாது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பல குருத்துவாராக்கள் பரம்பரை மகந்துகளின் கைக்குப் போயின. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த சீக்கியர்களின் காணிக்கையை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். எல்லோரும் ஒரே பந்தி என்ற விதி இருந்தும், பொற்கோயிலிலேயே இந்த நிலை நிலவியது.

1920 அக்டோபர் 12-ஆம் நாள், புதிதாகச் சீக்கியம் தழுவிய ஒடுக்கப்பட்ட மக்கள், ஜாலியன்வாலா பாக்கில் கூடிய கூட்டத்திலிருந்து கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த கடா பிரசாதத்தோடு பொற்கோயிலுக்குச் சென்றனர். பூசாரிகள் வாங்க மறுத்தனர். வாக்குவாதத்துக்குப் பின், புனித நூலைப் பிரித்து வரும் பகுதியின்படி நடப்பது என்று முடிவாயிற்று. நூல் பிரிக்கப்பட்டது. குணமற்றவருக்கும் இறைவன் அருள்கிறான் என்ற பொருளுடைய பகுதி வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அங்கிருந்து கூட்டம் அகால் தக்துக்கு வந்தபோது, அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே போயிருந்தனர். சீர்திருத்தத் தொண்டர்கள் அதன் பொறுப்பை ஏற்றனர்.

அடுத்த மாதமே சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு அமைக்கப்பட்டது. மகந்துகளிடமிருந்து ஆலயங்களை மீட்கும் அகாலி இயக்கம் வேகம் பிடித்தது. 1921 பிப்ரவரியில் குரு நானக் பிறந்த நன்கானாவில் மகந்தின் ஆட்கள் அகாலிகளைக் கொன்று குவித்தனர். குரு கா பாக்கில் அகாலிகள் கையை ஓங்காமல் காவலரின் தடியடியைத் தாங்கினர். 1925-ல் வந்த குருத்துவாராச் சட்டம் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் ஒப்படைத்தது. இந்தப் பெரும் போராட்டத்தைத் தூண்டிய நிகழ்ச்சிகளில் ஒரு தட்டுப் பிரசாதமும் இருந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1924-ல், அகாலிகள் சிலர் தெற்கே திருவிதாங்கூர் வரை வந்தனர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது; தமிழ்நாட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்ட போராட்டம் அது. அகாலிகள் அங்கே ஒரு லங்கர் திறந்து சத்தியாகிரகிகளுக்கு உணவளித்தனர். வெளியார் உதவியில் போராட்டம் நடக்கக் கூடாது என்று காந்தியடிகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அது மூடப்பட்டது.

பஞ்சாபின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 32 விழுக்காடு; இந்திய மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். அங்கே பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்துவாராவும் தனிச் சுடுகாடும் இன்றும் உள்ளன. நிலம் பெரும்பாலும் ஜாட் சீக்கியரிடமே இருக்கிறது. தனிக் குருத்துவாரா கட்டிக்கொண்டவர்களும் அங்கே முதலில் மூட்டுவது லங்கர் அடுப்பைத்தான்.